மின்னணுப் பொம்மையும் மாக்கோழியும்



குழந்தையின் வினாவைத் தட்டிக் கழிக்கலாகாது என்பது ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற முதற்பாடம். பணியில் இருந்த காலமெல்லாம் அதனைக் கடைப்பிடித்ததாகவே எண்ணியிருந்தேன். ஆனால் சென்ற கோடை விடுமுறையில் என் ஒன்பது வயதுப் பேத்தி கண்ணீரோடு நின்றபோது, மூன்று சொற்களில் அவள் வாயை அடைத்து விட்டேன். பத்து நாள் கழித்து அதே சொற்களை அவள் எனக்கே வினாவாகத் திருப்பிக் கொடுத்தாள். அன்று நான் சொல்லத் தவறிய விடையை இப்பொழுது ஒரு பாடமாக எழுதுகிறேன். இத்தகைய பொம்மைகள் நம் இல்லங்களுக்குள்ளும் வந்துவிட்டபடியால், பிற குடும்பங்களுக்கும் இது பயன்படக் கூடும்.

1. வினா பிறந்த வகை

பேத்தி சென்னையிலிருந்து வரும்போது, கோழி முட்டையினும் சிறிய பொம்மை ஒன்றைச் சிறு சங்கிலியில் கோத்துக் கொண்டு வந்தாள். அதன் முகப்பில் அஞ்சல் தலை அளவுள்ள ஒரு திரை. அதன் கீழே மூன்று பொத்தான்கள். புள்ளிகளால் ஆன ஒரு சிற்றுருவம் திரையில் அங்குமிங்கும் அசையும். பசித்தால் ஒலி எழுப்பும். அதற்கு உணவிடுவது, விளையாட்டுக் காட்டுவது, கழிவை அகற்றுவது, நோயுற்றால் மருந்தளிப்பது ஆகியன வைத்திருப்பவரின் கடமைகள். தவறினால் அவ்வுருவம் இறந்து விட்டதாகத் திரை காட்டும்.

இரண்டு நாள் அத்தை வீட்டிற்குச் சென்றபோது, "பாட்டி, இது கூப்பிட்டால் பார்த்துக் கொள்ளுங்கள்" என்று அதை என் கையில் ஒப்படைத்தாள். நானும் சரியென்றேன். அன்று மாலை நான் சாமாயிகத்தில் அமர்ந்தபோது அது ஒலித்தது. இடையூறாக இருக்கிறதே என்று எழுந்து, அலமாரியில் புடவைகளுக்கு நடுவே அதை வைத்தேன். வைத்ததோடு மறந்தும் போனேன். அவள் திரும்பி வந்து எடுத்துப் பார்த்தபோது, இறக்கை முளைத்த உருவம் ஒன்று திரையில் மிதந்து கொண்டிருந்தது. குழந்தை விம்மி அழுதாள். "பொம்மைதானே, விடு அம்மா! பொத்தானை அழுத்தினால் இன்னொன்று வரும்" என்றேன். அவள் அழுத்தினாள், இன்னொன்று வந்தது. செய்தி அத்துடன் முடிந்ததென்று நினைத்தேன்.

பத்து நாள் சென்றன. தன் தம்பியோடு ஏற்பட்ட பூசலில் அவளுக்குப் பெருஞ்சினம் மூண்டது. அந்தச் சினத்தைப் பொம்மையின்மீது காட்டினாள். அது கூப்பிடக் கூப்பிட உணவிடாமல், சாகிறதா பார்ப்போம் என்று காத்திருந்தாள். அதுவும் இறந்தது. மறுநாள் மாலை ஜினாலயத்திலிருந்து திரும்பும் வழியில் மெல்லக் கேட்டாள்:

"பாட்டி, முதல் தடவை நீங்கள் மறந்து போனீர்கள். இந்தத் தடவை நான் வேண்டுமென்றே சோறு கொடுக்கவில்லை. பொம்மைதானே என்று சொன்னீர்களே, அப்படியானால் எனக்குப் பாவம் இல்லைதானே?"

பாவம் இல்லை என்று அவள் நம்பியிருந்தால் இந்த வினா எழுந்திராது. அவள் முகமே அதைச் சொல்லிற்று.

2. பொம்மையின் பிறப்பு

முதலில் பொருளை அறிவோம். இந்தப் பொம்மையின் பெயர் தமகோச்சி. ஜப்பானிய மொழியில் முட்டையைக் குறிக்கும் 'தமாகோ' என்னும் சொல்லோடு கைக்கடிகாரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை இணைத்து அமைத்த பெயர் இது. அகிஹிரோ யோகோய் என்பாரும், பண்டாய் என்னும் பொம்மை நிறுவனத்தைச் சேர்ந்த அகி மைதா என்னும் பெண்மணியும் இதனை உருவாக்கினர். 1996 நவம்பர் 23-ஆம் நாள் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 1997 மே மாதம் அமெரிக்காவை எட்டியது. பள்ளிகளில் இது ஒலிப்பதும், குழந்தைகள் பாடத்தை விட்டு இதனைப் பேணுவதும் தொல்லையாகவே, பல நாடுகளில் பள்ளிகள் இதற்குத் தடை விதித்தன.

உருவாக்கிய இருவருக்கும் 1997-இல் 'இக் நோபல்' என்னும் வேடிக்கைப் பரிசு பொருளாதாரப் பிரிவில் வழங்கப்பட்டது. மனிதர் உழைக்க வேண்டிய நேரத்தைப் பெருமளவில் இல்லாத விலங்கை வளர்ப்பதில் செலவிடச் செய்தார்கள் என்பது அப்பரிசுக்குக் கூறிய காரணம். 1998-இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், செல்லப் பிராணிகளைப் புதைக்கும் இடுகாடு ஒன்றில் இப்பொம்மைகளுக்கும் இடம் ஒதுக்கினார்கள். நகைப்பிற்கிடமான செய்தியாகத் தோன்றலாம். ஆயினும் உயிரில்லாத ஒன்றிற்காக மனிதர் உண்மையாகவே துயருற்றார்கள் என்பதற்கு இது சான்று.

2017-ஆம் ஆண்டிற்குள் உலகெங்கும் 8 கோடிக்கு மேற்பட்ட தமகோச்சிகள் விற்றன. 2004-இல் ஒன்றோடொன்று தொடர்பு கொள்ளும் வகையும், 2023-இல் இணையத் தொடர்புடைய வகையும் வந்தன. பழைய எளிய வகையையும் மீண்டும் வெளியிட்டிருக்கிறார்கள். என் பேத்தியிடம் இருப்பது அந்தப் பழைய வகையே.

3. பேணும் முறை

இதனைப் பேணும் முறையை எனக்குக் கற்பித்தவள் பேத்திதான். நான் மாணவி, அவள் ஆசிரியை. கற்றதைச் சுருக்கித் தருகிறேன்.

திரையின் மேலும் கீழுமாக எட்டுச் சிறு படங்கள் உள்ளன. முதற்பொத்தானால் ஒன்றைத் தேர்ந்து, இரண்டாம் பொத்தானால் செயற்படுத்தி, மூன்றாம் பொத்தானால் விலக்க வேண்டும்.

(அ) உணவு: சாப்பாடு, தின்பண்டம் என இருவகை. பசியைக் காட்ட நான்கு இதயக் குறிகள் உண்டு. சாப்பாடு ஒன்று கொடுத்தால் ஒரு குறி நிறையும். நான்கும் நிறைந்தபின் மேலும் சாப்பாடு கொடுத்தால் அது தலையை அசைத்து மறுத்துவிடும். ஆனால் தின்பண்டத்தை மறுக்காது. மகிழ்ச்சிக் குறி ஏறும், எடையும் ஏறும், மிகுந்தால் நோய் வரும்.

(ஆ) விளக்கு: உறங்கத் தொடங்கியதும் விளக்கை அணைக்க வேண்டும்.

(இ) விளையாட்டு: அது எப்பக்கம் திரும்பும் என்று ஐந்து முறை ஊகிக்க வேண்டும். மூன்று முறையேனும் சரியாக ஊகித்தால் மகிழ்ச்சி கூடும், எடையும் குறையும்.

(ஈ) மருந்து: நோய்க்குறி தோன்றினால் கொடுக்க வேண்டும். சில வேளைகளில் இருமுறை கொடுத்தாலே தீரும்.

(உ) தூய்மை: கழிவை அவ்வப்போது அகற்ற வேண்டும். விட்டுவிட்டால் நோய் வரும்.

(ஊ) உடல்நிலை: வயது, எடை, பசி, மகிழ்ச்சி ஆகியவற்றைக் காட்டும். நமக்கு ஒரு நாள் அதற்கு ஓராண்டு.

(எ) கண்டிப்பு: பசியும் இல்லை, நோயும் இல்லை, இருந்தும் வீணே கூப்பிட்டால் கண்டிக்க வேண்டும்.

(ஏ) கவனிப்பு: இது நாம் தேர்ந்தெடுப்பதன்று, ஏதேனும் தேவைப்படும்போது தானே ஒளிரும்.

முட்டை பொரிந்த முதல் ஒரு மணி நேரம் இடைவிடாத கவனம் வேண்டும். பின்னர் நாளொன்றுக்குச் சில முறை பார்த்தால் போதும். எத்தனை முறை தவறவிட்டோம் என்று பொம்மை கணக்கு வைத்துக் கொள்கிறது. அக்கணக்கிற்கேற்ப வளர்ந்தபின் அதன் உருவமும் வாழ்நாளும் மாறும். பள்ளி நேரத்தில் மணியைத் திருத்தும் நிலையில் வைத்துவிட்டால் அது அப்படியே நின்றிருக்கும், பசிக்கவும் செய்யாது.

ஒரு நாள் பொழுது சாய்ந்தபின் அது பசித்து ஒலித்தது. பேத்தி என்னைப் பார்த்து, "பாட்டி, நாம் அந்திக்கு மேல் சாப்பிடுவதில்லையே, இதற்குக் கொடுக்கலாமா?" என்றாள். இரவுண்ணா நோன்பு குழந்தையின் உள்ளத்தில் எவ்வளவு இயல்பாகப் பதிந்திருக்கிறது என்று மகிழ்ந்தேன். ஆனால் அவ்வினாவினுள் வேறொரு வினாவும் ஒளிந்திருந்தது: இது நம்மைப் போன்ற உயிரா?

4. இதற்கு உயிர் உண்டா?

நம் ஆகமம் இதற்கு ஐயமற விடை தருகிறது. ஜீவனின் இலக்கணம் உபயோகம், அதாவது காணும் தன்மையும் அறியும் தன்மையும் ஆகிய உணர்வு. உணர்வு இல்லாதது அஜீவம். உயிர்வாழும் பொருளுக்குப் பிராணங்கள் உண்டு: ஐம்பொறி ஆற்றல்கள் ஐந்து; மனம், சொல், உடல் ஆகிய வலிமைகள் மூன்று; மூச்சு; ஆயுள் என அவை பத்து. ஓரறிவு உயிராகிய மரத்திற்கும்கூடத் தொடு உணர்வு, உடல் வலிமை, மூச்சு, ஆயுள் என்னும் நான்கு உண்டு. உயிர்களை ஓரறிவு முதலாக வகுக்கும் முறையைத் தொல்காப்பியத்தின் மரபியலிலும் காண்கிறோம்.

திரையில் அசையும் உருவத்திற்கு இந்நான்கில் ஒன்றேனும் உண்டா? இல்லை. அதன் பசி ஓர் எண். நேரம் செல்லச் செல்ல அந்த எண் குறைகிறது. அதன் நோயும் சாவும் அத்தகைய கணக்குகளே. மின்சாரம் தேஜஸ்காய ஜீவனா என்று நம் சமயத்தாரிடையே ஓர் ஆராய்ச்சி உண்டு. எந்த முடிவைக் கொண்டாலும், திரையில் பசிப்பதாகக் காட்டும் உருவம் ஒரு ஜீவனாகிவிடாது. ஆதலால் பொம்மை புத்கலமே.

இறந்தபின் இரண்டு பொத்தான்களை ஒருங்கே அழுத்தினால் புதிய முட்டை வருகிறதே, அது மறுபிறப்பா என்றும் குழந்தைகள் கேட்கக் கூடும். அன்று. மறுபிறப்பு என்பது தன் வினையைத் தானே சுமந்து ஜீவன் அடுத்த உடலை எய்துவது. புதிய முட்டை பழையதன் வினை எதையும் சுமந்து வருவதில்லை. எல்லாம் அழிந்து முதலிலிருந்து தொடங்குகிறது. அப்படியானால் வினை என்று ஏதேனும் விளைந்திருந்தால் அது எங்கே தங்கியிருக்கும்? பொம்மையைக் கையில் வைத்திருப்பவரிடமே தங்கியிருக்கும். இங்குதான் பாடம் தொடங்குகிறது.

5. மாக்கோழி தந்த பாடம்

ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றாகிய யசோதர காவியத்தை நம்மில் பலர் சிறுவயதிலேயே கதையாகக் கேட்டிருப்போம். அவந்தி நாட்டு உஞ்சயினியின் அரசன் யசோதரன். அவன் தீக்கனாக் கண்டதாகக் கூறியதைக் கேட்ட தாய் சந்திரமதி, தேவிக்குக் கோழியைப் பலியிட்டால் தீங்கு நீங்கும் என்றாள். உயிர்க்கொலைக்கு அரசன் உடன்படவில்லை. அப்படியானால் மாவினால் ஒரு கோழி செய்து அதைப் பலியிடலாம் என்று தாய் இடைவழி கூறினாள். அரசன் இசைந்தான்; மாக்கோழியை வெட்டினான். பின்னர் மனைவி அமிர்தமதி இட்ட நஞ்சினால் தாயும் மகனும் இறந்தனர். மயிலும் நாயுமாகத் தொடங்கி, விலங்குப் பிறவிகள் பலவற்றில் ஒருவர் பின் ஒருவராக வெட்டுண்டும் கடியுண்டும் துன்புற்றனர். கோழிகளாகவும் பிறந்தனர். பின்னரே அபயருசி, அபயமதி என்னும் மக்களாகப் பிறந்து அறம் உரைத்தனர். இக்கதை நம் மரபில் பெரிதும் போற்றப்பட்டது. 959-இல் சோமதேவ சூரி இதனை யசஸ்திலகம் என்னும் வடமொழிச் சம்பு காவியமாகப் பாடினார்.

மாவிற்கு உயிர் இல்லை. அரிசிமாவை நாள்தோறும் அடுக்களையில் பிசைகிறோம், வெட்டுகிறோம், அதில் பாவம் இல்லை. அரசன் வெட்டியதும் அதே மாவுதான். வேறுபாடு யாது? அவன் மாவைக் கோழியாகக் கருதினான். அக்கோழி சாக வேண்டும் என்று எண்ணினான். அந்த எண்ணத்தோடு வாளை ஓங்கினான். கொலை வாளில் நிகழவில்லை. உள்ளத்தில் நிகழ்ந்து விட்டது.

இதனையே பெரியோர் திரவிய ஹிம்சை, பாவ ஹிம்சை என இரண்டாகப் பிரித்தனர். இங்கே 'பாவ' என்பது தீவினை என்னும் பொருளில் வரவில்லை. உள்ளத்தின் நிலை என்னும் பொருளில் வந்தது. தமிழில் இரண்டும் ஒரே எழுத்தில் எழுதப்படுவதால் மாணவர் மயங்குவர். பெற்றோர் விளக்க வேண்டும். உயிரின் பிராணத்திற்கு ஊறு செய்வது திரவிய ஹிம்சை. சினம், செருக்கு, வஞ்சம், பேராசை என்னும் கஷாயங்கள் உள்ளத்தில் எழுவது பாவ ஹிம்சை. அமிர்தசந்திர ஆசாரியர் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதனைத் தெளிவுபடுத்துகிறார். விழிப்போடு நடப்பவரால் தற்செயலாக ஓர் உயிர் மாய்ந்தாலும் அவரிடம் ஹிம்சை இல்லை. கஷாயத்தின் வசப்பட்டவரால் எவ்வுயிரும் மாயாவிட்டாலும் ஹிம்சை உண்டு என்பது அவர் கருத்தின் சாரம்.

6. இரண்டு சாவுகள், இரண்டு விடைகள்

இனிப் பேத்தியின் வினாவிற்கு வருவோம். பொம்மை இருமுறை இறந்தது. இருமுறையும் எவ்வுயிரும் போகவில்லை. எனவே திரவிய ஹிம்சை இல்லை. இதனை முதலில் ஐயமின்றிச் சொல்லிவிட வேண்டும். குழந்தையைக் கொலைப் பாவம் என்று அச்சுறுத்துவது அறமன்று, உண்மையுமன்று. சினமுற்ற குழந்தை ஒரு பொம்மையைப் பட்டினி போட்டதும், ஓர் அரசன் பலன் கருதிப் பலியிட்டதும் ஒரே அளவினவும் அல்ல.

ஆயினும் அவளிடம் சினம் எழுந்தது உண்மை. தம்பியின்மேல் எழுந்த சினத்தை, மறுத்துப் பேச இயலாத ஒன்றின்மேல் இறக்கி வைத்தாள். பசித்துக் கூப்பிடுவதாக அவளே கருதிய ஒன்றிற்கு உணவை மறுத்தாள். சாகும் வரை பார்த்துக் கொண்டிருந்தாள். இது மாக்கோழியின் சிறு வடிவம். பொம்மைக்கு ஒன்றும் நேரவில்லை. அவள் உள்ளம்தான் ஒரு தீய செயலைச் செய்து பழகிக் கொண்டது.

என் தவறு வேறு வகையானது. நான் சினம் கொள்ளவில்லை, மறந்து போனேன். ஆனால் மறதியும் பிரமாதத்தின் பாற்பட்டதே. உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் ஹிம்சைக்கு இலக்கணம் கூறும்போது, பிராணத்தை ஊறுபடுத்துவதற்கு மூலமாகப் பிரமாதத்தையே வைத்தார். பொம்மைக்கு என் மறதியால் தீங்கில்லை. பின் யாருக்குத் தீங்கு? 'பார்த்துக் கொள்கிறேன்' என்று நான் கொடுத்த சொல்லை நம்பிச் சென்ற குழந்தைக்கு. அவள் ஐம்பொறியும் மனமும் உடைய ஜீவன். அவள் அழுதபோது 'பொம்மைதானே' என்று சொல்லி அந்த ஊறை இரட்டிப்பாக்கினேன். தவறு செய்தவள் நான். அழுகையைத் துடைத்துக் கொள்ள வேண்டியவள் அவள் என்றாயிற்று.

இவ்வாறே அவளிடம் சொன்னேன். "உன்னிடம் முதலில் நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் கண்ணே" என்றேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குக் கோபம் வந்தது தப்புதான் பாட்டி" என்றாள். அன்றிரவு இருவரும் அமர்ந்து பிரதிக்கிரமணம் செய்தோம். அவள் தம்பியிடமும் பேசினாள்.

7. ஒலி எழுப்பாத உயிர்

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இப்பாடம் முழுமை பெறாது. இரண்டு சாவுகளுக்கும் இடைப்பட்ட நாள்களில் ஒரு நண்பகல். புதிய குட்டிக்கு நோய் வந்துவிட்டதென்று பேத்தி பதறினாள். முன்னர் மறந்த குற்ற உணர்வினால் நானும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக் கொண்டு அவளருகில் அமர்ந்தேன். மருந்து கொடுத்தோம், கழிவை அகற்றினோம், மீண்டும் மருந்து கொடுத்தோம். குணமானதும் இருவரும் கைதட்டினோம். பிறகு கொல்லைப்புறம் சென்றேன்.

கழுநீர்த் தொட்டி காய்ந்து கிடந்தது. மாட்டைப் பார்த்துக் கொள்ளும் ஆள் அன்று வரவில்லை. நானே தண்ணீர் வைப்பதாகச் சொல்லியிருந்தேன். சித்திரை வெயிலில் பசு தொட்டியின் அடியை நக்கிக் கொண்டு நின்றது. கயிறு எட்டும் வரைதான் அதன் உலகம். தானே சென்று குடிக்க வழியில்லை. அது கத்தவும் இல்லை. நான் தண்ணீரை ஊற்ற ஊற்ற, தலையைத் தூக்காமல் குடித்தது. இரண்டு குடம் ஊற்றியும் போதவில்லை.

கொல்லாமை அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை நம் நூல்கள் கூறுகின்றன: கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவிற்கு மிஞ்சிச் சுமை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல். ஐந்தாவதற்கு அன்னபான நிரோதம் என்று பெயர். இதனை எத்தனையோ பாடசாலை வகுப்புகளில் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அன்று என் கொல்லைப்புறத்தில் அதன் பொருளைக் கண்டேன். இல்லாத பசிக்கு ஓடினோம். இருக்கின்ற தாகத்தை மறந்தோம். பொம்மையின் பசியைக் காட்ட நான்கு இதயக் குறிகள் இருக்கின்றன. பசுவிற்கு அத்தகைய குறி இல்லை. நாமாகச் சென்று பார்த்தால்தான் உண்டு.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஷெர்ரி டர்க்கிள், குழந்தைகளுக்கும் இத்தகைய பொம்மைகளுக்கும் உள்ள உறவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். பொம்மை அறிவுடையது என்பதனால் குழந்தை அதனிடம் பற்றுக் கொள்வதில்லை. தன்னைப் பேணும்படி அது கேட்பதனாலேயே பற்றுக் கொள்கிறது என்று 2011-இல் வெளியான தம் நூலில் விளக்கியிருக்கிறார். இது நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது. கேட்பவரைப் பேணுவது எளிது. கேட்காத உயிரையும் நினைவில் வைத்துப் பேணுவதே ஜீவதயை.

8. பெற்றோர் கவனத்திற்கு

(1) பொம்மையை வெறுக்க வேண்டா. அளவோடு வைத்துக் கொள்ளலாம். பள்ளி, படிப்பு, உணவு, ஆலய வழிபாடு ஆகிய நேரங்களில் அதை நிறுத்தி வைக்கக் குழந்தைக்குப் பழக்குங்கள்.

(2) பொம்மை இறந்து குழந்தை அழுதால் நகைக்காதீர்கள். இனியதைப் பிரிந்த துயரம் ஆர்த்தத் தியானத்தின் ஒரு வகை. அதனின்று மெல்ல மீட்பது பெரியோர் கடமை. இது உயிரன்று என்பதையும், உன் அன்பு பொய்யன்று என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

(3) வேண்டுமென்றே பட்டினி போட்டுச் சாகடித்து மகிழும் விளையாட்டைக் கண்டால், அப்பொழுதே அருகில் அமர்ந்து பேசுங்கள். அடிக்க வேண்டா, காரணத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் வேறொரு சினம் அதன் பின்னால் இருக்கும்.

(4) பொம்மையின் உள்ளே பொத்தான் போன்ற சிறு மின்கலம் இருக்கிறது. சிறு குழந்தை அதை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகக் கூடும். மின்கலப் பகுதியின் திருகாணி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கியதாக ஐயம் எழுந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

(5) இப்பொம்மைக்குப் பின் 'உண்மையான கிளி வேண்டும்' என்று குழந்தை கேட்கலாம். கூண்டில் அடைப்பது முதல் அதிசாரமாகிய கட்டி வைத்தலே. நம் நாட்டுக் கிளிகளைப் பிடித்து வளர்ப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தடை செய்கிறது. அதற்கு மாறாக மாடியில் மண்சட்டியில் தண்ணீர் வைத்து, பறவைகள் தாமே வந்து குடித்துச் செல்வதைக் காட்டுங்கள். தில்லி செங்கோட்டைக்கு எதிரே உள்ள திகம்பர ஜைன லால் மந்திர் வளாகத்தில் பறவைகளுக்கென்றே ஒரு மருத்துவமனை நடைபெறுகிறது. யாத்திரை செல்லும்போது குழந்தைகளை அங்கே அழைத்துச் செல்லலாம். காயமுற்று வரும் பறவைகளைக் குணப்படுத்தி வானில் விட்டுவிடுகிறார்கள். தமக்கென்று வைத்துக் கொள்வதில்லை.

9. குடும்பத்தோடு அமர்ந்து சிந்திக்க

(அ) அடுக்களையில் மாவை வெட்டுவதற்கும் மாக்கோழியை வெட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொந்த நடையில் கூறுக.

(ஆ) திரவிய ஹிம்சை இன்றிப் பாவ ஹிம்சை மட்டும் நிகழும் செயல் ஒன்றையும், பாவ ஹிம்சை இன்றித் திரவிய ஹிம்சை மட்டும் நிகழும் செயல் ஒன்றையும் உங்கள் வீட்டு வாழ்க்கையிலிருந்து காட்டுக.

(இ) பத்துப் பிராணங்களை எழுதி, மரம், எறும்பு, பசு, பொம்மை ஆகியவற்றிற்கு எவை எவை உண்டு எனப் பட்டியலிடுக.

(ஈ) உங்கள் வீட்டிலும் தெருவிலும் கேட்கத் தெரியாத உயிர்கள் எவை? அவற்றுள் ஒன்றை ஒரு வாரம் தவறாமல் பேணி, நாள்தோறும் குறித்து வருக.

(உ) பெரியவர்களுக்கு: குழந்தையிடம் கொடுத்து மறந்த சொல் ஏதேனும் உண்டா? நினைவு வந்தால் இன்றே சொல்லித் தீர்க்க.

விடுமுறை முடியும் வரை பேத்தி ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டாள். பொம்மையைப் பார்க்க எழும்போதெல்லாம் முதலில் கொல்லைக்குச் சென்று தொட்டியைப் பார்த்து வருவாள். அதன் பின்னரே பொத்தானை அழுத்துவாள். ஊருக்குப் புறப்பட்ட அன்று, "பாட்டி, நான் போன பிறகு மறந்துவிடாதீர்கள்" என்றாள். பொம்மையை அவள் உடன் எடுத்துச் சென்றாள். ஆகவே என்னிடம் சொல்லிச் சென்றது பசுவைப் பற்றித்தான்.

இம்முறை நான் மறக்கவில்லை.

ஜினதர்மம் வளர்க! எவ்வுயிரும் இன்புறுக!